வீலேன் போட்டாச்சு, ஸ்விட்சின் சாவி யாரிடம்?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு வீடு. முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் கொல்லைக் கதவு. நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. முகப்பில் நின்று பார்த்தால் வாசல் வாசலாகத் தாண்டி கடைசிக் கதவின் வெளிச்சம் தெரியும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பூட்டியே வைத்தால் கரையானுக்குத்தான் போகும் என்று ஆச்சி நான்கு அறைகளை விருந்தினர் தங்க விட முடிவெடுத்தார். வைஃபை, கேமரா வேலைக்குக் காரைக்குடியிலிருந்து நான் போனேன்.

ஆச்சி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "தம்பி, என்ன வேணா பண்ணுங்க, செவுத்துல மட்டும் ஓட்டை போட்றாதீங்க." நியாயம்தான். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, இன்றைக்கும் கை வைத்தால் வழுக்குகிறது. அதில் டிரில்லை வைக்க எனக்கும் மனசு வராது. அந்தத் தடிமனான சுவர்களைத் தாண்டி வைஃபையும் போகாது. ஆகவே பழைய டெலிபோன் வயர் போன கேசிங் வழியாக முன்னிருந்து பின்னுக்கு ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். வளைந்து நெளிந்து 60 மீட்டருக்கு மேல் போனது. செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர் வரை கணக்கு என்பதால் கவலையில்லை.

அந்த ஒரு கேபிளில் மூன்று பேர் போக வேண்டும்: விருந்தினர் வைஃபை, கேமராக்கள், ஆச்சியின் கணக்கு வழக்கு இருக்கும் கம்ப்யூட்டர். மூன்றும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. இந்த இடத்தில்தான் வீலேன் (VLAN), அதாவது ஒரே வலையைப் பல வலையாகப் பிரிக்கும் வசதி, வருகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன நெட்வொர்க் ஸ்விட்சுகளில் அது எங்கே கால் வாரும் என்பதும் இந்த வீட்டில்தான் எனக்கு உறைத்தது.

முதலில் சாதாரண ஸ்விட்ச். கேபிள் செருக எட்டு ஓட்டை (போர்ட்) உள்ள டப்பா. எந்த ஓட்டையில் எந்தக் கருவி இருக்கிறது என்று அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே ஒரு மேக் முகவரி உண்டு. அதை வைத்து, இவருக்கு வந்த தகவல் 3ஆம் போர்ட், அவருக்கு வந்தது 5ஆம் போர்ட் என்று பிரித்து அனுப்பும். ஆனால் யாராவது "எல்லோரும் கேளுங்கள்" என்று கூவினால் மற்ற ஏழு போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். இப்படிக் கூவுவது பிராட்காஸ்ட். புதிதாக வரும் போன் "எனக்கு ஒரு ஐபி முகவரி கொடுங்கள்" என்று கேட்பதுகூட இப்படிக் கூவித்தான். ஆக, சாதாரண ஸ்விட்சில் இருக்கிற எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வீலேன் அந்தக் கூடத்தைப் பிரிக்கிறது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமானதும் மகனை வேறு வைத்துவிடுவார்கள். அவன் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். தனிப் பூட்டு, தனி உலை, தனிக் கணக்கு. ஆனால் கூரை ஒன்று, வாசல் ஒன்று. ஒரு வீட்டுக்குள் பல வீடு. வீலேனும் அதேதான்: ஒரு ஸ்விட்சுக்குள் பல ஸ்விட்ச். 20ஆம் எண் வீலேனில் கூவினால் 20இல் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்.

சரி, ஒரே கேபிளில் மூன்று புள்ளியின் சாமானும் கலந்து போனால், அந்தப் பக்கம் எப்படிப் பிரிப்பது? அதற்கும் நம் வீடுகளில் வழி இருக்கிறது. விசேஷத்துக்கு எல்லா வீட்டுப் பாத்திரமும் ஒன்றாகப் புழங்கும். முடிந்தபின் விலாசம் வெட்டியிருப்பதைப் பார்த்து அவரவர் பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். நெட்வொர்க்கில் அந்த விலாசத்துக்குப் பெயர் டேக். ஒரே வித்தியாசம், பாத்திரத்தில் வெட்டியது அழியாது. இது ஒட்டிப் பிய்க்கிற சீட்டு. 802.1க்யூ என்ற தர வரையறை 1998இல் வந்தது. ஒவ்வொரு தகவல் துண்டிலும் 4 பைட் அளவுக்கு இந்தச் சீட்டைச் செருகச் சொல்கிறது. அதில் 12 பிட் வீலேன் எண்ணுக்கு. 12 பிட்டில் 4096 எண்கள் வரும், 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை, மீதி 4094. சின்ன ஸ்விட்சுகள் ஒரே நேரத்தில் இவ்வளவையும் தாங்காது. சில மாடல்களில் 32தான். வீட்டுக்கு அது தாராளம். நான் போட்டது மூன்று. 10 குடும்பத்துக்கு, 20 விருந்தினருக்கு, 30 கேமராக்களுக்கு.

கேமராவும் லேப்டாப்பும் சீட்டைப் புரிந்துகொள்ளாது. அதனால் அவை செருகியிருக்கும் போர்ட்டில் சீட்டைப் பிய்த்துவிட்டு அனுப்ப வேண்டும், அது அன்டேக்டு. ரவுட்டரிலிருந்து வரும் அந்த ஒற்றைக் கேபிளில் சீட்டோடு அனுப்ப வேண்டும், அது டேக்டு. இரண்டாங்கட்டு அலமாரியில் இருந்த ஸ்விட்சில் 1ஆம் போர்ட் டேக்டு, மூன்று வீலேனுக்கும் பொது. 2, 3 விருந்தினர் வைஃபை பெட்டிகள். 4 முதல் 7 வரை கேமராக்களும் அவற்றின் ரெக்கார்டரும். 8 ஆச்சியின் கம்ப்யூட்டர்.

புதிதாகச் செய்பவர்கள் கட்டாயம் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மலிவு ஸ்விட்சுகளில் ஒரே விஷயத்தை இரண்டு பக்கங்களில் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் "2ஆம் போர்ட் 20ஆம் வீலேனில் அன்டேக்டு உறுப்பினர்" என்று போடுவோம். இது வெளியே போகிற தகவலுக்கு மட்டும். உள்ளே வருகிற தகவல் சீட்டு இல்லாமல் வருமே, அதை எந்த வீலேனில் சேர்ப்பது? அதைச் சொல்வது இன்னொரு பக்கத்தில் இருக்கும் பி.வி.ஐ.டி. என்ற எண். அதை மாற்ற மறந்தால் அது 1லேயே நிற்கும். அப்போது லேப்டாப் "முகவரி கொடுங்கள்" என்று கூவுவது 1ஆம் வீலேனுக்குள் போய் மறைந்துவிடும். முகவரி கொடுப்பவரோ 20இல் உட்கார்ந்திருக்கிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு லேப்டாப் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொள்ளும். அந்த எண்ணைப் பார்த்தால் கேபிளைக் குறை சொல்லாமல் முதலில் பி.வி.ஐ.டி. பக்கத்தைத் திறங்கள். நான் கேபிள் முனையை இரண்டு முறை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்த பிறகுதான் திறந்தேன்.

எல்லாம் முடிந்தது. விருந்தினர் வைஃபையிலிருந்து கேமராவைத் தேடினேன், கிடைக்கவில்லை. கேமரா பக்கத்திலிருந்து கம்ப்யூட்டரைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆச்சி கொடுத்த பலகாரத்தையும் காபியையும் முடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு மின்வெட்டு. கரண்ட் வந்தபின் ஒரு கேமரா தெரியவில்லை என்று போன். நேரில் போய், ஸ்விட்சின் செட்டிங் பக்கத்தைத் திறக்க வழக்கமான முகவரியைப் போட்டேன். 192.168.10 என்று தொடங்கும், குடும்ப வரிசையில் உள்ள முகவரி. திறக்கவில்லை. ஸ்விட்ச் செத்துவிட்டதா என்றால் விளக்கெல்லாம் மின்னுகிறது, வைஃபையும் ஓடுகிறது. கடைசியில் ரவுட்டரில் முகவரிப் பட்டியலைத் திறந்து பார்த்தால், விருந்தினர் வரிசையில், 192.168.20இல், யாரோ ஒரு விருந்தினரின் போனுக்குக் கீழே நம் ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கிறது.

நடந்தது இதுதான். ஸ்விட்சுக்கும் ஒரு ஐபி முகவரி தேவை. இல்லாவிட்டால் அதன் செட்டிங் பக்கத்தை நாம் எப்படித் திறப்பது? நான் அதைத் தானாக வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தேன். கரண்ட் வந்ததும் அது "முகவரி கொடுங்கள்" என்று மூன்று வீலேனிலும் கூவியிருக்கிறது. முதலில் பதில் சொன்ன வீலேனின் முகவரியை வாங்கிக்கொண்டது. முதல் தடவை அது 10. இந்தத் தடவை 20.

அப்போதுதான் பொறி தட்டியது. மூன்று வீலேனிலும் கூவ முடிகிறதென்றால், மூன்றிலிருந்தும் யார் கூப்பிட்டாலும் அது பதில் சொல்லும். என் போனை விருந்தினர் வைஃபையில் இணைத்து அந்த முகவரியைப் போட்டேன். லாகின் பக்கம் வந்து நின்றது.

ஸ்விட்ச் வழியாக இரண்டு விதமான போக்குவரத்து நடக்கிறது என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஸ்விட்சைத் தாண்டிப் போவது: போனிலிருந்து ரவுட்டருக்கு, கேமராவிலிருந்து ரெக்கார்டருக்கு. வீலேன் பிரிப்பது இதை; மலிவு ஸ்விட்சும் இதை ஒழுங்காகவே பிரிக்கிறது. இரண்டாவது, ஸ்விட்சுக்கே வருவது: அதன் செட்டிங் பக்கம், அதன் பாஸ்வேர்டு, அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அனுப்பும் கேள்விகள். இதற்கு மேனேஜ்மென்ட் டிராஃபிக் என்று பெயர். விலை கூடிய ஸ்விட்சுகளில் "மேனேஜ்மென்ட் வீலேன்" என்று ஒரு செட்டிங் இருக்கும். அதில் 10 என்று போட்டால் 10இலிருந்து கூப்பிட்டால் மட்டும் பதில் வரும். அடிமட்ட விலை மாடல்கள் பலவற்றில் அந்தக் கட்டமே கிடையாது. அறைகளுக்கெல்லாம் பூட்டு இருக்கிறது. ஆனால் பட்டாலையில் உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளை, எந்த அறையிலிருந்து யார் கூப்பிட்டாலும் சாவிக் கொத்தோடு எழுந்து வந்துவிடுகிறார்.

ஏன் இப்படி? ஸ்விட்சுக்குள் தகவலைப் பிரித்து அனுப்பும் வேலையைச் செய்வது ஒரு தனிச் சிப். எட்டு கிகாபிட் போர்ட்டையும் இரு திசையிலும் முழு வேகத்தில் ஓட்ட அதனால் முடியும். வீலேன் சீட்டைப் படிப்பதும் ஒட்டுவதும் பிய்ப்பதும் அதுதான். செட்டிங் பக்கத்தைக் காட்டுவது அதே பெட்டிக்குள் இருக்கும் ஒரு குட்டிப் பிராசஸர். சில மாடல்களில் அது 8051 வகை, 8 பிட். இந்தக் குடும்பத்தின் மூலவரை இன்டெல் 1980இல் கொண்டுவந்தது. நம் அப்பாக்கள் காலத்துச் சரக்கு, இன்னும் வேலை செய்கிறது. வெளியே எட்டு போர்ட் தெரிந்தாலும் இந்தப் பிராசஸருக்கு உள்ளே ஒன்பதாவதாக ஒரு போர்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஸ்விட்சில் அந்த ஒன்பதாவது போர்ட்டும் ஏதாவது ஒரு வீலேனில் உறுப்பினர். மற்ற வீலேன்களின் தகவல் அங்கே போகாது. மலிவு ஸ்விட்சில் அது எல்லா வீலேனுக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கிறது. குட்டிப் பிராசஸருக்கு, வந்தவர் எந்த அறைக்காரர் என்று கேட்டுப் பார்க்கும்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அந்த நாலு வரி நிரலை எழுதி, சோதித்து, வருடக்கணக்கில் பராமரிக்கிற செலவுதான் விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு.

"விருந்தினருக்கு வேறு வரிசை முகவரிதானே கொடுக்கிறோம், ஸ்விட்சுக்குக் குடும்ப வரிசையில் நிலையான முகவரி வைத்தால் தப்பிக்கலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, பாதிதான் சரி. நிலையான முகவரி கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மின்வெட்டில் அது மறுபடி ஊர் சுற்றும். ஆனால் அது பூட்டு ஆகாது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். லேப்டாப்பை விருந்தினர் போர்ட்டில் கேபிளால் செருகுங்கள். ஐபி முகவரியைத் தானாக வாங்க விடாமல் கையால் போடுங்கள்: ஸ்விட்ச் 192.168.10.2 என்றால் லேப்டாப்புக்கு 192.168.10.77, கீழே சப்நெட் மாஸ்க் கட்டத்தில் 255.255.255.0. இப்போது பிரவுசரில் ஸ்விட்சின் முகவரியைத் தட்டுங்கள். மேனேஜ்மென்ட் வீலேன் இல்லாத ஸ்விட்ச் என்றால் பக்கம் திறக்கும். ரவுட்டரில் எவ்வளவு கட்டுப்பாடு போட்டிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் இந்த உரையாடல் ரவுட்டர் வரை போகவே இல்லை.

இன்னும் சில குறைகள் இதனுடன் ஒட்டிக்கொண்டே வரும். லாகின் பக்கம் பெரும்பாலும் வெறும் எச்.டி.டி.பி.; பாஸ்வேர்டு மறைக்குறியீடு இல்லாமல் கேபிளில் போகிறது. சில பழைய ஃபர்ம்வேர்களில் (ஸ்விட்சுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) எந்தப் போர்ட்டையும் 1ஆம் வீலேனிலிருந்து எடுக்கவே முடியாது. அதனால் 1ஐ எதற்கும் பயன்படுத்தாமல் காலியாக விட்டுவிடுவது நல்லது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் இதில் சிலது சரியாகும். வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள், அப்புறம் யாரும் பார்ப்பதில்லை.

இந்தக் குறையில் ஒரு சௌகரியமும் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் பாவம். மேனேஜ்மென்ட் வீலேன் உள்ள நல்ல ஸ்விட்சில் ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு சேமித்தால், நாமே வெளியே பூட்டப்பட்டுவிடுவோம். ரீசெட் ஓட்டைக்குள் குண்டூசியை விட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மலிவு ஸ்விட்சில் எந்தப் போர்ட்டில் செருகினாலும் உள்ளே போய்விடலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இது வரம். வீட்டில் நான்கே பேர், எல்லோரும் நம்மவர்கள் என்றால், நல்ல பாஸ்வேர்டு ஒன்று வைத்துவிட்டு இதை மறந்துவிடலாம் என்பதுதான் என் கருத்து. வாரம் ஒரு புது முகம் வந்து தங்கும் வீட்டில் அப்படி விட முடியாது. விருந்தினர் லாகின் பக்கத்தைத் தாண்டி உள்ளே போய்விட்டால் கேமராவை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார். வீலேன் பிரிவினையையே கலைத்துவிட அவரால் முடியும்.

வழிகளில் சுலபமானது வைஃபை பெட்டியிலேயே தடுப்பது. நிறைய வைஃபை பெட்டிகளில் விருந்தினர் வலை என்ற வசதி இருக்கிறது. அதைப் போட்டால் 192.168, 10, 172.16 என்றெல்லாம் தொடங்கும் உள்வீட்டு முகவரிகளுக்குப் போகும் தகவலை அந்தப் பெட்டியே வெட்டிவிடும். இணையத்துக்கு மட்டும் விடும். ஸ்விட்ச் வரை எதுவும் வராது. போட்டுவிட்டு மேலே சொன்ன சோதனையை வைஃபையிலிருந்தும் செய்து பாருங்கள், பெட்டிக்குப் பெட்டி இது மாறும். ஆனால் இது வைஃபைக்கு மட்டும். விருந்தினர் அறையில் சுவரில் ஒரு லேன் சாக்கெட் இருந்தால் அங்கே இது செல்லாது. ஆகவே அறைகளில் சாக்கெட்டே வைக்காதீர்கள்.

இன்னொரு வழி மேனேஜ்மென்ட் வீலேன் உள்ள ஸ்விட்சாகவே வாங்குவது. வாங்குமுன் தயாரிப்பாளர் தளத்தில் கையேட்டை இறக்கி அந்தச் சொல்லைத் தேடுங்கள். அட்டையில் "வீலேன் உண்டு" என்று போட்டிருப்பது இதற்குச் சாட்சி ஆகாது. "ஸ்மார்ட்" என்று போட்டிருப்பதும் ஆகாது.

கானாடுகாத்தான் வீட்டில் நான் செய்தது மூன்றாவது வழி. அதே கேசிங்கில் இன்னொரு கேபிளுக்கு இடம் இருந்தது. ரவுட்டரில் ஒரு போர்ட்டை விருந்தினருக்கென்றே ஒதுக்கி, அங்கிருந்து இரண்டாவது கேபிளைப் பின்னால் கொண்டுபோய், செட்டிங் பக்கமே இல்லாத ஐந்து போர்ட் சாதாரண ஸ்விட்ச் ஒன்றில் செருகினேன். விருந்தினர் வைஃபை பெட்டிகள் இரண்டும் அதில். இப்போது விருந்தினரின் ஒரு பைட்கூட வீலேன் போட்ட அந்த ஸ்மார்ட் ஸ்விட்சைத் தொடுவதில்லை. முகவரியே இல்லாத டப்பாவை யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. கேபிளும் டப்பாவும் சேர்ந்து, விலை கூடிய ஸ்விட்சின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

ஸ்மார்ட் ஸ்விட்சில் மிச்சம் இருப்பது ஆச்சியின் கம்ப்யூட்டரும் கேமராக்களும். கேமராப் பக்கத்திலிருந்து லாகின் பக்கம் இன்னும் திறக்கத்தான் செய்கிறது. அதனால் பாஸ்வேர்டு நீளமானது, வேறெங்கும் பயன்படுத்தாதது. கொல்லைக் கதவுக்கு மேலே இருக்கும் கேமராவின் இணைப்பு முனை தெருப் பக்கம் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது அதைக் கழற்றி லேப்டாப்பில் செருகினால் நேரே உள்ளே வந்துவிடலாம். அதை ஒரு பெட்டிக்குள் போட்டு மூடி உயரே ஏற்றிக் கட்டினோம். உத்தரத்தில் ஏற்கெனவே இருந்த ஆணியில்தான், சுவரில் இல்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் எந்தப் போர்ட்டில் எது, ஸ்விட்சின் முகவரி என்ன என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பாஸ்வேர்டு மட்டும் ஆச்சியின் பெட்டகத்தில், நகைச்சீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.